தேய்க்காத சுவர்

எங்கள் ஊரில் என் பிரஷ் படாத சுவர் ஒன்றை யாராவது காட்டினால் அவருக்கு ஒரு கும்பிடு போடுவேன். பள்ளிக்கூடம், தபால் அலுவலகம், மருத்துவமனை, கோர்ட்டில் கைதிகள் சாய்ந்து நிற்கிற சுவர் வரை எல்லாம் நான் அடித்ததுதான். நாற்பத்தொரு வருடம். ஊரில் இன்னும் சிலர் பெயிண்ட் அடிக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்களைச் சொல்லும்போது மீசைக்கார பெயிண்டர், பாலத்தடி பெயிண்டர் என்று ஒட்டு ஒன்று சேர்க்க வேண்டியிருக்கும். எனக்கு ஒட்டு வேண்டியதில்லை. இதெல்லாம் தலைக்கனம் என்று என் மனைவி சொல்வாள். இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சேர்த்த கனம்.

என் தொழிலின் சூட்சுமம் பெயிண்டில் இல்லை, சுவரைத் தயார் செய்வதில் இருக்கிறது. முதலில் சலவை சோடா கரைத்த வெந்நீரில் சுவரைக் கழுவ வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு மேலிருந்து கீழாக, விரற்கடை இடம் விடாமல் தேய்க்க வேண்டும். தூசியைத் துடைத்த பிறகுதான் பிரைமர் டப்பாவின் மூடியில் கை வைக்க வேண்டும். அழுக்கின் மேல் அடித்த பெயிண்ட் சுவரைப் பிடித்துக்கொள்ளாது, அழுக்கைத்தான் பிடித்துக்கொள்ளும். அழுக்கு என்றைக்குக் கையை விடுகிறதோ அன்றைக்குப் பெயிண்டும் கூடவே வந்துவிடும். என்னிடம் வேலை பழகியவர்கள் அத்தனை பேரும் இதைக் கேட்டுக் காது புளித்துப் போனவர்கள்.

அவர்களில் ஒருவர் என் மாப்பிள்ளை. என்னிடம் தொழிலைப் பழகி, என் மகளையும் கட்டிக்கொண்டு, இப்போது ஆறு ஆட்களை வைத்துத் தனியாகக் காண்ட்ராக்ட் எடுக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் அடித்த பல் டாக்டர் வீட்டுச் சுவர் நான்கே மாதத்தில் பொரிந்து உதிர்ந்தது. நான் போய்ப் பார்த்தேன்.

"நல்லா தேய்ச்சுதான் அடிச்சேன் மாமா. சுவருக்குள்ள ஈரம் இருக்கு" என்றார்.

"தேய்ச்ச சுவரு இப்படி உரியாது மாப்பிள்ளை. தேய்க்காம அடிக்கிறவன் பெயிண்டரே இல்ல" என்றேன்.

அவருடைய ஆட்கள் ஆறு பேரும் ஏணி மேலும் கீழுமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவர் என்னிடம் தொழில் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்தால் மரியாதைக்கு ஒரு குறைவும் இருக்காது. சாப்பிட்டீங்களா மாமா, இடுப்பு வலி பரவாயில்லையா மாமா என்று விசாரிப்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

வேலையை விட்ட பிறகு எனக்கு வீட்டில் சும்மா உட்காரத் தெரியவில்லை. நான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என் மனைவிக்கும் சகிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் டைப்பிஸ்ட் அக்கா வந்து என்னை ஊர் வரலாற்றுக் குழுவில் சேர்த்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் கோர்ட்டில் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தவர். ஒருவர் எந்த இடத்தில் மழுப்புகிறார் என்பதை முகத்தைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவார். குழு என்றால் ஏதோ பெரிய கூட்டம் என்று நினைக்க வேண்டாம், மொத்தம் நான்கு பேர். அக்கா, நான், ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர், மருந்துக்கடைக்காரர். ஊரில் எங்களுக்கு வைத்த பெயர் பழைய பேப்பர் கோஷ்டி.

சொல்கிறவர்கள் சொல்லட்டும். இந்த நான்கு பேர்தான் எடைக்குப் போகவிருந்த பள்ளிக்கூடப் பதிவேடுகளை லாரியிலிருந்து இறக்கினோம். இடித்த கடைகளின் பெயர்ப்பலகைகளைத் தோளில் சுமந்து வந்தோம். வீடு வீடாகப் போய்த் தொள்ளாயிரம் போட்டோக்களைப் பிரதி எடுத்தோம். ஒவ்வொரு பொருளுக்கும் அக்கா ஓர் அட்டை தட்டுவார். என்ன பொருள், யார் கொடுத்தது, அது இன்னதுதான் என்று நமக்கு எப்படித் தெரியும் என்று மூன்று இடம் அதில் இருக்கும். கேள்விப்பட்டது என்றால் கேள்விப்பட்டது என்றே இருக்கும். அந்த அட்டைகளைப் பார்த்துவிட்டு வெளியூர்க் கல்லூரிக்காரர்கள் இரண்டு பேர் அசந்து போனார்கள். நான்காவது வரை படித்த எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

இவற்றையெல்லாம் வைக்க நகராட்சி எங்களுக்கு ஆற்றோரத்துப் பழைய பம்ப் ஹவுஸைக் கொடுத்தது. ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றிய இடம். எஞ்சின் நின்று முப்பது வருடம் ஆகிறது. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சக்கரம் மட்டும் அறையின் மூலையில் இன்னும் நிற்கிறது. சுவர் நான்கும் எஞ்சின் புகையும் எண்ணெயும் படிந்து கருகருவென்று இருந்தன. நான் ஒருவனாக ஒன்பது நாள் வேலை செய்து அறை முழுவதையும் சந்தன நிறத்துக்குக் கொண்டுவந்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தால் அறையே வெளிச்சத்தில் நனைந்த மாதிரி இருந்தது. அக்கா நெடுநேரம் வாசலிலேயே நின்றார். "பெயிண்டர், கல்யாண மண்டபம் மாதிரி பண்ணிட்டீங்களே" என்று டிரைவர் சொன்னார்.

திறப்பு விழாவுக்கு முன்னால் தீயணைப்பு அலுவலகத்திலிருந்து ஒரு நிபந்தனை வந்தது. பொதுமக்கள் வந்து போகிற அறைக்கு இரண்டாவது வாசல் வேண்டும். நகராட்சி இஞ்சினியர் வந்து தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சுவர்தான் கூரைப் பாரம் ஏறாத சுவர், அதை உடைத்துக்கொள்ளுங்கள் என்று சாக்பீஸால் பெரிய கட்டம் ஒன்று போட்டுவிட்டுப் போனார். கொத்தனாருக்குத் திங்கட்கிழமை காலை என்று சொல்லியாயிற்று.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை மத்தியானம் தபாலில் ஓர் உறை வந்தது. வெளியூரில் இருக்கும் ஓர் அம்மா, தன் தாயாரின் பெட்டியில் கிடைத்ததாகச் சொல்லி ஒரு போட்டோவை அனுப்பியிருந்தார். தரையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்கள். போர்வை போர்த்திய பெண்கள், மடியில் குழந்தைகள். ஓரத்தில் எங்கள் இரும்புச் சக்கரத்தின் பாதி. போட்டோவின் பின்பக்கம், பெரிய வெள்ளத்தின்போது பம்ப் ஹவுஸில், என்று மையில் எழுதியிருந்தது.

நாங்கள் நால்வரும் பிறப்பதற்கு முன்னால் வந்த அந்த வெள்ளத்தைப் பற்றி எங்களிடம் அதுவரை ஒரு காகிதம்கூட இல்லை. ஊரே முழுகியது, மேட்டில் இருந்த பம்ப் ஹவுஸில் ஜனங்கள் பல நாள் தங்கினார்கள் என்பது காது வழிச் செய்திதான். யார் யார், எத்தனை பேர், எத்தனை நாள் என்று எவருக்கும் தெரியாது. மூன்று வருடமாக நாங்கள் தேடியது அதைத்தான். மருந்துக்கடைக்காரர் பூதக்கண்ணாடியைப் போட்டோவின் மேல் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட மூக்கால் தடவினார். பிறகு நிமிர்ந்தார்.

"பின்னாடி சுவர்ல எழுத்து இருக்கு" என்றார். "வரிவரியா இருக்கு. பென்சில்ல எழுதின மாதிரி. படிக்க முடியல, ஆனா எழுத்துதான்."

ஆளுக்கொரு முறை கண்ணாடியை வாங்கிப் பார்த்தோம். எழுத்துதான். சக்கரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்து அது எந்தச் சுவர் என்றும் தெரிந்தது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். எதிரே என் சந்தன நிறம் பளபளவென்று நின்றது, நடுவில் இஞ்சினியரின் கட்டத்தோடு.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சுவரை அழகாக்கச் சொன்னதே குழுதான். பழையதைக் காப்பாற்ற வந்த நாங்கள் நால்வரும் சேர்ந்து அதன் மேல் மூன்று கோட் அடித்திருக்கிறோம். அக்கா மெதுவாகக் கேட்டார்.

"பெயிண்டர், பெயிண்டுக்கு அடியில அது இன்னும் இருக்குமா? அடிக்கிறதுக்கு முன்னாடி தேய்ச்சீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டார். "என்னக்கா கேள்வி இது. பெயிண்டர் தேய்க்காம அடிப்பாரா?"

"அதானே" என்றார் டிரைவர். "அவர் கை பட்டிருந்தா பென்சில் எங்க மிஞ்சும்."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது நான் இல்லை, நாற்பத்தொரு வருடத்துப் பெருமை ஆட்டியது. ஆனால் தலை என்னுடையதுதான்.

"அப்ப போனது போனதுதான்" என்றார் அக்கா. "திங்கட்கிழமை கொத்தனார் வரட்டும்." போட்டோவை உறையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

உண்மையை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். மற்ற மூன்று சுவர்களையும் கழுவினேன், தேய்த்தேன், தோள்பட்டை கழன்று போகிற அளவுக்குத் தேய்த்தேன். நான்காவது சுவருக்கு வந்த அன்று காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்தச் சுவரை மறைத்துப் பெரிய இரும்பு பீரோ வைப்பதாக அப்போது பேச்சு. பீரோவுக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். என்னிடம் வேலை பழகியவன் எவனாவது இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அப்படியே பிரைமரை உருட்டினேன். அழுக்குக்குள் ஏதோ கிறுக்கல் மாதிரி தெரிந்ததுகூட நினைவிருக்கிறது, நின்று பார்க்கவில்லை. பிறகு இரண்டு கோட் பெயிண்ட். பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

ஆக, எழுத்து அங்கே இருக்கிறது. நான் ஒழுங்காக வேலை செய்திருந்தால் அழிந்திருக்கும். ஏமாற்றியதால் பிழைத்திருக்கிறது. அதைச் சொல்லிக் காப்பாற்ற வேண்டும் என்றால், தேய்க்காமல் அடித்தேன் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையில் கொத்தனார் உளியை வைப்பார், என் பெயர் அப்படியே இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் கையை வைத்துக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது.

"என்ன, சுவர் நினைப்பா?" என்றாள் என் மனைவி. ஊர் முழுக்க அந்தப் பேச்சுதான்.

"ஆமா. பாவம், அக்கா ரொம்ப ஆசைப்பட்டாங்க. என்ன பண்றது, நான்தான் தேய்ச்சு அழிச்சிட்டேனே."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்தச் சுவரு? சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற சுவரா? இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு பதினோரு மணிக்கே வந்து படுத்தீங்களே, அன்னைக்கு அடிச்சதுதானே அது?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"எட்டு மணிக்குப் போனவரு பதினோரு மணிக்குத் திரும்பி வந்தீங்க. மூணு மணி நேரத்துல சோடா போட்டுக் கழுவி, காய வச்சு, தேய்ச்சு, மூணு கோட்டும் அடிச்சீங்களா? நானும் பெயிண்டர் பொண்டாட்டிதாங்க. எனக்கும் கொஞ்சம் தெரியும்."

"எல்லாரும் என்ன சொல்லுவாங்கன்னு நெனச்சுப் பாத்தியா? மாப்பிள்ளை என்ன நெனப்பாரு?" என்றேன்.

"அவரை நீங்க ஆறு பேர் முன்னாடி சொன்னதை விடவா பெருசா சொல்லிடப் போறாரு?" என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பேசாமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் போனபோது எல்லாரும் வந்திருந்தார்கள். கொத்தனார் சாக்குப்பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை நின்றார். வாசல் வைத்த பிறகு ஓரங்களைப் பூசிப் பெயிண்ட் அடிக்க, என் இடுப்பை நினைத்து, அக்காதான் அவரை வரச் சொல்லியிருந்தார். "வாங்க மாமா" என்றார். நான் வந்ததற்கு வருந்தினேன்.

கொத்தனார் உளியைக் கட்டத்தின் மேல் மூலையில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார். என் கை தானாக நீண்டு அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

"பொறுங்க" என்றேன்.

"என்ன பெயிண்டர், எனக்குப் பத்து மணிக்கு இன்னொரு இடத்துல வேலை இருக்கு. உடைக்கவா வேண்டாமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் என்னைப் பார்க்காமல் தலையைச் சற்றுச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். கோர்ட்டிலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாராம்.

"இந்தச் சுவரை நான் தேய்க்கல" என்றேன். "கழுவவும் இல்ல. இடுப்பு வலி. பீரோ வரப்போகுது, யார் பாக்கப்போறான்னு அப்படியே அடிச்சிட்டேன். வியாழக்கிழமை நீங்க கேட்டப்ப தலையை ஆட்டினது பொய். எழுத்து உள்ளதான் இருக்கு."

கொத்தனார் சுத்தியலைக் கீழே இறக்கினார். என் காது இரண்டும் சூடாக இருந்தன. எனக்கு வயது அறுபத்தாறு, அந்த நிமிடம் பரீட்சையில் காப்பியடித்து மாட்டியவனைப் போல நின்றேன்.

அக்கா எழுந்து சுவரருகே வந்தார். உள்ளங்கையைப் பெயிண்டின் மேல் வைத்தார். "இருக்கா?" என்றார். கேட்டது என்னிடமா சுவரிடமா என்று தெரியவில்லை. அவர் கண் நிறைந்துவிட்டது. என் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாப்பிள்ளை முன்னால் வந்து குனிந்து, சுவர் தரையைத் தொடுகிற இடத்தில் நகத்தால் மெல்ல நெம்பினார். பெயிண்ட் ஓர் ஓரமாகத் தூக்கிக்கொண்டது. இரண்டு விரலால் பிடித்து மேலே இழுத்தார். ஒரு சாண் அகலத்துக்கு, வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி, முழுதாக வந்தது. அடியில் கறுப்புச் சுவர். அந்தக் கறுப்பில் சாய்வாகப் பார்த்தால் மட்டும் மின்னுகிற பென்சில் கோடுகள்.

"எண்ணெய்ப் பிசுக்கு மேல அடிச்சிருக்கீங்க மாமா. எதுவும் பிடிக்கல" என்றார். அதில் குத்தல் இல்லை. தொழில்காரன் தொழில்காரனிடம் பேசுகிற குரல். மூன்று வருடம் கழித்து என்னிடம் பேசிய முதல் தொழில் பேச்சு அது.

"வேகமா இழுக்காதீங்க மாப்பிள்ளை. சூடு காட்டி இழுத்தா மெதுவா விடும்" என்றேன்.

"பாப்பாவோட முடி காய வைக்கிற மெஷின் வீட்ல இருக்கு" என்றார். பாப்பா என்றது என் மகளைத்தான்.

கொத்தனார் கருவிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு, போகாமல் ஜன்னல் அருகே போய் நின்றார். சுற்றிலும் தட்டிப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே இருக்கிற குழாயை நகர்த்தினால் இதையே வாசலாக இறக்கிவிடலாம், என்ன, ஒரு வாரம் கூடுதலாக ஆகும் என்றார். இஞ்சினியருக்கு அக்கா அங்கேயே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். மறுநாள் அவர் வந்து சுவரைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், ஜன்னலுக்கே சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சுவரை உரிக்க நான்கு நாள் ஆனது. மாப்பிள்ளை தம் ஆட்கள் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒருவர் சூடு காட்டுவார், ஒருவர் மழுங்கிய பட்டித் தகட்டால் ஓரத்தை நெம்புவார், இரண்டு பேர் பெயிண்ட் தோலைக் கிழியாமல் பிடித்துக்கொள்வார்கள். சில இடங்களில் எழுத்து சுவரை விட்டுப் பெயிண்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது, இடவலமாகத் திரும்பி. மருந்துக்கடைக்காரர் கடையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து அதில் பிடித்துப் படித்தார். டிரைவர் ஒவ்வொரு தோலுக்கும் எண் போட்டுப் பழைய எக்ஸ்ரே உறைகளில் வைத்தார். அக்கா மேசையில் உட்கார்ந்து, நாங்கள் படிக்கப் படிக்கத் தட்டினார்.

இரண்டாம் நாள் எல்லாரும் சற்று ஓய்வாக உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கையிலிருந்த தகட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, அந்தப் பல் டாக்டர் வீட்டுச் சுவரை நான் தேய்ச்சேன்."

"தெரியும்" என்றேன். அந்த நிமிடம்தான் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். அவருடைய ஆட்கள் ஆறு பேரும் அங்கேதான் இருந்தார்கள். அன்றைக்கு ஏணியில் இருந்த அதே ஆறு பேர்.

"ஒரு நிமிஷம் கேளுங்க. டாக்டர் வீட்டுச் சுவர்ல ஈரம் இருந்துச்சு. இவர் தேய்ச்சுதான் அடிச்சாரு. நான் இவரை நம்பாம உங்க முன்னாடி பேசினது தப்பு. தேய்க்காத ஆளு நான்தான்."

ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். மாப்பிள்ளை என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "போதும் மாமா, உக்காருங்க, இடுப்பு" என்றார். எனக்கு இடுப்பு வலிக்கவே இல்லை.

எழுதியிருந்தவர் பம்ப் ஆபரேட்டர். வெள்ளம் வந்த நாளிலிருந்து தினமும் காலையும் மாலையும் தலையை எண்ணிச் சுவரில் எழுதியிருக்கிறார். பெயர்களாக அல்ல, வீடுகளாக. தையல்காரர் வீடு ஐந்து பேர். ரொட்டிக் கடை ஏழு பேர். பாலத்தடி மூன்று வீடும் சேர்த்துப் பதினாறு. பெயர் சொல்ல மறுத்த அம்மா ஒருவர். முதல் நாள் நாற்பத்தொன்று, மூன்றாம் நாள் அறுபத்திரண்டு. பதினோரு நாள், ஒரு வேளை விடாமல்.

ஐந்தாம் நாள் வரியைக் கண்ணாடியில் படித்துவிட்டு மருந்துக்கடைக்காரர் நெற்றியைச் சுருக்கினார். "காலையில அறுபத்திரண்டு. சாயங்காலம் அறுபத்து மூணு. அடுத்து, கதவு திறக்கவில்லைன்னு எழுதியிருக்கார். கதவே திறக்காம எப்படி ஒரு ஆள் கூடும்? எண்ணினதுல தப்பு பண்ணியிருக்கார்."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆம்புலன்ஸ்ல எனக்கும் இந்த மாதிரி நெறைய தடவை ஆகியிருக்கு. ஏத்தும்போது ஒருத்தர், இறக்கும்போது ரெண்டு பேர்."

அக்காவின் விரல்கள் நின்றுவிட்டன. "பொறந்திருக்கு" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதையும் தட்டினார். அட்டையில், எப்படித் தெரியும் என்ற இடத்தில், கதவு திறக்கவில்லை என்று இருந்தது.

எல்லாருக்கும் அந்த வரி. எனக்கு வேறொரு வரி. ஏழாம் நாள் எண்ணிக்கைக்குக் கீழே, மற்றவற்றைவிட அழுத்தமாக எழுதியிருந்தது.

"இன்று என் கவனக்குறைவால் மண்ணெண்ணெய் டின் சாய்ந்து மாவு மூட்டை ஒன்று முழுக்க வீணாகிவிட்டது. எல்லாருக்கும் இனி அரை வயிறுதான். தவறு என்னுடையது." கீழே கையெழுத்து.

நான் அதன் முன்னால் நின்றேன். ஓர் அறைக்குள் அறுபத்து மூன்று பேர், பசியோடு. டின்னைத் தட்டியது யார் என்று யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். எலி தட்டியது என்று சொல்லிவிட்டிருக்கலாம். அந்த மனிதர் பென்சிலை எடுத்து அத்தனை பேர் கண்ணெதிரே சுவரில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. என்றாலும் அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதில் எனக்கு வந்த பெருமை, நான் அடித்த எந்தச் சுவரிலும் வந்ததில்லை.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் சுவருக்கான அட்டையை அக்கா எனக்குக் காட்டினார். வெள்ளம், ஆபரேட்டர், எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில், இச்சுவருக்குப் பிற்காலத்தில் பெயிண்ட் அடிக்கப்பட்டது, பின்னர் அகற்றப்பட்டது, என்று இருந்தது.

"யாரால அடிக்கப்பட்டது?" என்றேன்.

"அது எதுக்கு பெயிண்டர். விடுங்க."

"கோர்ட்ல இப்படித்தான் தட்டுவீங்களா? வெட்டப்பட்டது, ஓடப்பட்டதுன்னு?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "பொதுமக்கள் வந்து படிப்பாங்க. காலத்துக்கும் இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்" என்றேன்.

அட்டை போதாது என்று தோன்றியது. வீட்டில் கிடந்த ஒரு பலகையை எடுத்தேன். கழுவினேன். காய வைத்தேன். உப்புத்தாள் போட்டு மூன்று முறை தேய்த்தேன். வெள்ளை அடித்து, கறுப்பில், கடைப் பலகைக்கு எழுதுகிற அளவில் எழுதினேன். "இந்தச் சுவரைக் கழுவாமல், தேய்க்காமல் பெயிண்ட் அடித்தேன். கேட்டபோது தேய்த்ததாக நான்கு நாள் பொய் சொன்னேன். தவறு என்னுடையது." அடியில் கையெழுத்துப் போட்டேன். ஆபரேட்டரின் ஏழாம் நாள் வரிக்கு நேர் கீழே மாப்பிள்ளை அதை மாட்டினார், மட்டம் பார்த்து, இரண்டு முறை.

விழாவன்று வாசல் கொள்ளாத கூட்டம். பழைய பேப்பர் கோஷ்டி என்று சொன்னவர்கள் எல்லாரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். தையல்காரர் வீட்டு ஐந்து பேரின் வாரிசுகள் பதினேழு பேர் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் ரொட்டிக் கடை என்ற எழுத்தைத் தொடாமல், விரலைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தார். அக்கா ஒவ்வொருவருக்கும் முதல் வரியிலிருந்து விளக்கினார். டிரைவர் ஐந்தாம் நாளுக்கு மட்டும் தனியாக ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலருகே நின்று அத்தனையையும் பார்த்தேன். இது நாங்கள் நான்கு பேர் செய்தது என்று மனதுக்குள் பத்து முறையாவது சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி என் பலகை முன்னால் நெடுநேரம் நின்றாள். நான் அதை வீட்டில் வைத்து எழுதியபோது எட்டிக்கூடப் பார்க்காதவள். அவளுக்குப் பின்னால் மளிகைக் கடைக்காரர் வந்து நின்று, பலகையை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"அடடா, இத்தனை வருஷம் கழிச்சு நம்ம பெயிண்டரும் மாட்டிக்கிட்டாரா" என்றார்.

என் மனைவி திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அறையில் எல்லாருக்கும் கேட்டது.

"மாட்டிக்கலைங்க. அவரே சொன்னாரு."